நாவல் பழம் அடைத்த வாய்கள்

மருதங்காட்டுக் குளத்தின் வடகரையில் ஒரு நீர்க்கோழி கூடு கட்டியிருந்தாள். மூக்கு நல்ல சிவப்பு. அதனால் அவளை எல்லாரும் செவத்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசி மழையில் அந்தக் கரை உடைந்தது. செவத்தியின் குஞ்சுகள் வெள்ளத்தோடு போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கரை என்ன, திடீரென்றா உடைந்தது? அதற்கு முன்பே விரிசல் விட்டுக் கிடந்தது. மான் பார்த்தது. குரங்கு பார்த்தது. ஆமை தினமும் அதன் மேலேதான் ஏறி இறங்கியது. ஒருவரும் மூச்சு விடவில்லை. குஞ்சுகள் போன பிறகு மட்டும் கூட்டமாக வந்து, “அநியாயம்! அநியாயம்!” என்று கத்திவிட்டுப் போனார்கள்.

கரையைக் கட்ட வசதி இல்லையா? அதுதான் இல்லை! அந்தக் காட்டில் ஒரு பொதுக் குகை உண்டு. ஒவ்வொரு பிராணியும் தான் தேடுகிற தினை, கிழங்கு, பழம் எதிலும் ஒரு பங்கை அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். காட்டுக்குப் பொதுவான வேலையைச் செய்கிறவர்களுக்கு அதிலிருந்துதான் சாப்பாடு. எந்த வேலைக்குச் செலவழிப்பது என்று ஆடி மாதம் மருத மரத்தடியில் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம். “மறுப்பு உண்டா?” என்று மூன்று தடவை கேட்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் மரங்கொத்தி மரத்தைத் தட்டும். அத்தோடு முடிந்தது.

கூட்டத்துக்குத் தலைவர் கரடி. ஆனால் நடத்துகிறவன் நரி. அவன் செய்கிற வேலையைக் கேளுங்கள்! கூட்டம் தொடங்கும்போதே நாவல் பழத்தை மலையாகக் குவித்து வைப்பான். “முதல்ல சாப்பிடுங்க! அப்புறம் பேசிக்கலாம்!” என்பான். எல்லாரும் பாய்ந்து விழுவார்கள். வாய் நிறையப் பழம் இருக்கும்போது நரி முணுமுணுவென்று வாசிப்பான். கரடிக்குக் குளிக்கப் படித்துறை! மயிலுக்கு ஆட மேடை! “மறுப்பு உண்டா? மறுப்பு உண்டா? மறுப்பு உண்டா?” டக்! 

அந்தப் பழம் யாருடையது? அதுவும் பொதுக் குகையில் இருந்து எடுத்ததுதான்! தங்கள் பழத்தையே தின்றுவிட்டு, “நரியாருக்கு என்ன தாராள மனசு!” என்று ஏப்பம் விட்டபடி வீட்டுக்குப் போன மடச் சாம்பிராணிகளை என்னவென்று சொல்வது?

உடைந்த இடத்தில் நரி கொஞ்சம் சேற்றை அப்பிவிட்டு, “சரியாப் போச்சு” என்றான். செவத்தி வேறு எங்கே போவாள்? கூடு கட்டக் கோரைப்புல் அங்கேதான் இருந்தது. மறுபடியும் அங்கேயே கட்டினாள். சேற்றிலும் விரிசல் விழ ஆரம்பித்தது.

இந்தத் தடவை அவள் அழவில்லை. நேராக மரங்கொத்தியிடம் போனாள்.

“இந்த வருஷம் குகையில இருக்கிறதை எதுக்குச் செலவு பண்ணப் போறாங்க?”

மரங்கொத்தி திடுக்கிட்டது. “ஏன் அக்கா கேக்குற?”

“கேக்கக் கூடாதா?”

“தாராளமாக் கேக்கலாம்! யார் கேட்டாலும் கூட்டத்துக்கு முன்னாடியே நான் சொல்லியாகணும். அதுதான் முறை. ஆனா இதுவரைக்கும் ஒரு ஜீவன் வந்து கேட்டதில்ல!”

“நான் கேக்குறேன். சொல்லு!”

“மயிலோட மேடைக்குக் கூரை. மொத்தமும் அதுக்குத்தான்.”

செவத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் பேசணும்னா என்ன செய்யணும்?”

“என்கிட்ட இப்பவே பேரைச் சொல்லிட்டுப் போ. அப்புறம் நரி உன்னைக் கூப்பிட்டே ஆகணும். நீ கேக்குறதுக்கு எல்லார் முன்னாடியும் பதில் சொல்லியே ஆகணும்.”

பேரைச் சொல்லிவிட்டுக் காட்டுப்பன்றியிடம் பறந்தாள். “கரையை ஒழுங்காக் கட்ட உங்க கூட்டத்துக்கு எவ்வளவு கிழங்கு வேணும்?” என்று கேட்டாள். “குகையில பாதி போதும்” என்றது பன்றி. பிறகு மான், குரங்கு, ஆமை, அணில் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனாள். “மறுப்பு உண்டான்னு கேட்டா, உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் பழத்தைத் தொடாதீங்க!” என்றாள். “சத்தியமாத் தொட மாட்டோம்!” என்றார்கள்.

கூட்ட நாள் வந்தது. பழக் குவியல் இந்த வருஷம் இன்னும் பெரிது. குரங்கு, “ஒண்ணே ஒண்ணு” என்று கை நீட்டியது. அவ்வளவுதான்! சத்தியமாவது, மண்ணாவது!

நரி வேண்டா வெறுப்பாகச் செவத்தியைக் கூப்பிட்டான். அவள் கல்லின் மேல் ஏறி நின்றாள்.

“வடகரை மறுபடியும் விரிசல் விட்டிருக்கு. அடுத்த மழைக்குத் தாங்காது. குகையில பாதி கொடுத்தாப் போதும், பன்றிக் கூட்டம் கட்டிடும். ஆடுற மேடைக்குக் கூரை எதுக்கு? மயில் மழையிலதானே ஆடும்? பதில் சொல்லுங்க, தலைவரே!”

கரடி தலையைச் சொறிந்தது. நரி முந்திக்கொண்டான். “ஏம்மா, ஒரு நீர்க்கோழி சொன்னா காடே சொன்ன மாதிரியா? வேற யாருக்காவது மறுப்பு உண்டா?”

மென்று விழுங்குகிற சத்தம்தான் கேட்டது.

“மறுப்பு உண்டா?”

மான் தலை நிமிர்ந்து பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தது. வாய் நிறையப் பழம்! நரி சிரித்தான்.

செவத்தி கல்லில் இருந்து பாய்ந்து பழக் குவியலின் உச்சியில் போய் நின்றாள்.

“துப்புங்க! வெட்கம் கெட்ட ஜென்மங்களா, துப்புங்க! போன ஆடியில இதே பழத்தைத் தின்னுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. ஐப்பசியில என் குஞ்சுங்க செத்தப்போ மட்டும் அந்த வாய் எப்படித் திறந்துச்சு? இன்னைக்குப் பேசாத வாய் நாளைக்கு என் கூட்டுப் பக்கம் வந்து அழக் கூடாது! துப்புங்க!”

ஆமை முதலில் துப்பியது. “தூ! உண்டு! எனக்கு மறுப்பு உண்டு!”

மான் துப்பியது. அணில் துப்பியது. குரங்கு கொட்டையை நரியின் காலடியிலேயே துப்பியது. “உண்டு! உண்டு!” என்று மருத மரத்தடி அதிர்ந்தது.

“மூணு தடவை கேட்டாச்சு! தட்டு! தட்டு!” என்று நரி பதறினான்.

“ரெண்டு தடவைதான் கேட்டீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றது மரங்கொத்தி.

கரடி கூட்டத்தைப் பார்த்தது. இவ்வளவு வாய்கள் ஒன்றாகத் திறந்து அது பார்த்ததே இல்லை. “சரி, சரி! கரையையே கட்டுங்க” என்றது. மரங்கொத்தி தட்டியது.

செவத்தி அதோடு விடவில்லை. வேலை முடிகிற வரை தினமும் கரைக்குப் போய் நின்று பார்த்தாள்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கரை அசையவில்லை. செவத்தியின் புதுக் குஞ்சுகள் கோரைக்குள் நீந்திக்கொண்டிருந்தன. குரங்கு பல்லை இளித்துக்கொண்டு வந்தது. “பாத்தியா செவத்தி! நாம எல்லாரும் சேர்ந்து சாதிச்சுட்டோம்ல!”

செவத்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதைப் போன வருஷத்துக் குஞ்சுங்ககிட்ட போய்ச் சொல்லு” என்றாள்.

பொதுச் சொத்தை எதற்குச் செலவழிப்பது என்று கேட்கிற நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, எல்லாம் பறிபோன பிறகு அநியாயம் என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை.