மீன் தொட்டிக்கு ஒரு பட்டுத்திரை

குழலியம்மையின் மடத்தில் யாரும் கோபப்படக் கூடாது என்பது விதி. அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிய சீடர் ஏகாம்பரம். அன்று காலை அதை மீறியவரும் அவரேதான்.

எல்லாம் ஒரு தங்கமீனால் வந்தது.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் மற்ற மீன்களோடு இருந்த அந்த மீனுக்கு வயிறு உப்பி, செதிலெல்லாம் பலாத்தோல் போலச் சிலிர்த்துவிட்டது. உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாயிற்று. மருந்தும் கொடுத்தாயிற்று. "இனிமே பிழைக்காதுங்க" என்று மீன் வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

அம்மை அப்போது வெளியூரில். மடத்தில் ஆளுக்கொரு யோசனை.

"கக்கூஸ்ல போட்டுத் தண்ணிய ஊத்துங்க சாமி, நேரா மோட்சம்!" என்றார் சமையல்காரர்.

"ஃப்ரிட்ஜுல வெச்சா ஜில்லுனு தூங்கிடுமாம்" என்றாள் பூக்கட்டும் அஞ்சலை.

"கோயில் குளத்துல விட்டா... புண்ணியமாச்சே..." என்று இழுத்தார் தோட்டக்காரர்.

ஏகாம்பரம் கையை உயர்த்தினார். "யாரும் தொடக் கூடாது! அது முடியறப்போ முடியட்டும். நமக்கெதுக்குப் பாவம்?"

சன்னதிக்குப் போடுவதுபோலத் தொட்டிக்கு ஒரு பட்டுத்திரை தைத்து மாட்டினார். திரைக்கு வெளியே உட்கார்ந்து, கண்ணை மூடி, காலையும் மாலையும் மந்திரம் சொன்னார். பார்த்தவர்கள் "அடடா, என்ன கருணை!" என்று உருகினார்கள். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று காலை அம்மை ஊர் திரும்பினார். திரையை விலக்கிப் பார்த்தார். உள்ளே போய், ஒரு கிண்ணமும் கிராம்பு எண்ணெய்ப் புட்டியும் எடுத்துவந்தார்.

"யாருக்கும்மா பல்வலி?" என்றார் ஏகாம்பரம்.

"யாருக்கும் இல்லை. மீனைத் தூங்க வைக்கப்போறேன். திரும்ப எழுந்திருக்காது."

ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்தது. "மடத்துலயா? எறும்புக்கு வழிவிட்டு நடங்கன்னு சொன்ன வாயா இது?"

"இதே வாய்தான்."

"இதைக் கேட்கவா வீடு வாசலை விட்டு வந்தேன்? என்னைவிடச் சின்னவங்களைக் குருன்னு கும்பிட்டேனே! இன்னிக்கே மூட்டையைக் கட்டறேன்!"

"தாராளமா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மந்திரம் சொல்லிட்டுப் போங்க. திரைக்கு உள்பக்கம் வந்து. கண்ணைத் திறந்து."

"சொல்றேனே! எனக்கென்ன பயமா?"

திரைக்குள் தலையை நீட்டினார்.

மீன் ஒருக்களித்துக் கிடந்தது. மேலே வர எம்பி, பாதியிலேயே சரிந்தது. மற்ற மீன்கள் மாறி மாறி வந்து அதன் வாலைக் கொத்தின. வால் என்று அங்கே அதிகம் மிச்சமில்லை. அது மறுபடி எம்பியது.

மந்திரத்தின் இரண்டாவது வரி ஏகாம்பரத்துக்கு வரவில்லை.

"ஏன் ஐயா நிறுத்திட்டீங்க?"

"இது... எத்தனை நாளா இப்படி?"

"என்னைக் கேட்டா? பக்கத்துலயே உட்கார்ந்திருந்தது நீங்கதானே!"

ஏகாம்பரம் கிண்ணத்தை வாங்கித் தொட்டித் தண்ணீரையே மொண்டு, மீனை அதில் விட்டார்.

அம்மை வெதுவெதுப்பான நீரில் எண்ணெயைக் கலந்து, பால்போல ஆகும்வரை குலுக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"மொத்தமா ஊத்திடலாமே?"

"துடிச்சுப் போகும். முதல்ல தூங்கட்டும்."

மீன் அசையாமல் ஆனது. தொட்டால்கூட விலகவில்லை. பிறகே மிச்சத்தை ஊற்றினார். செவுள் மெல்ல மெல்ல அடங்கியது.

"எடுத்துடட்டுமா அம்மா?"

"இருங்க. அவசரப்பட்டா விழிச்சுக்கும்."

ஏகாம்பரம் கிண்ணத்தைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மீனைத் துளசிச் செடியோரம் புதைத்துவிட்டு வந்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"அம்மா, இந்தப் பாவம் யாரைச் சேரும்?"

"என்னை. அதை நானே வெச்சுக்கறேன்" என்றார் குழலியம்மை. "அந்தத் திரையைக் கழற்றி எடுத்துக்குங்க. அது உங்களோடது."