வெள்ளாடுகளுக்குக் கசந்த தோட்டம்

சாம்பலி என்ற முயலின் தோட்டத்தை வெள்ளாட்டு மந்தை ஒன்று ஒரே காலைப்பொழுதில் தின்று தீர்த்தது. நியாயம் கேட்கப் போனாள். குற்றம் அவளுடையதுதான் என்று தீர்ப்பு வந்தது!

அது ஒரு பொட்டல்காடு. ஐப்பசியில் மழை எட்டிப் பார்க்கும். பிறகு அடுத்த ஐப்பசிவரை தலைகாட்டாது. அந்த ஊர் முயல்கள் வளை தோண்டுவதில்லை, செடி மறைவில்தான் குட்டி போடும். மேலே எந்நேரமும் ஒரு கழுகு வட்டமிடும். ஆகவே சாம்பலி தோட்டம் போட்டது அழகு பார்க்க அல்ல. குட்டிகளின் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவளும் ஒரு தவறு செய்தாள். தனக்கு எது பிடிக்குமோ அதையே நட்டாள். அகத்தி, முருங்கை, இடையில் தட்டைப்பயறு. தளதளவென்று வளர்ந்தது. மந்தை வந்தது. மென்றது. போனது.

அன்று உச்சிப்பொழுதில் கழுகு இறங்கியது. சாம்பலி பின்னங்கால்களால் எட்டி உதைத்துக் குட்டியைக் காப்பாற்றிவிட்டாள். குட்டியின் காதில் பாதியைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

ரத்தம் காய்வதற்குள் சபைக்கு ஓடினாள். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொம்பு இருப்பவர்கள் மட்டுமே சபையில் உட்காரலாம். தலைவர் முறுக்குக்கொம்பர் என்ற கலைமான். மற்ற இடங்களில் யார்? வேறு யார், வெள்ளாடுகள்தான்! தோட்டத்தைத் தின்ற வாய்களை இன்னும் துடைக்கக்கூட இல்லை.

"கொம்பில்லாதவள் சபையில் பேசுவதா?" என்றது ஒரு ஆடு.

"பேசட்டும், பேசட்டும்! நாம் கேட்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம். செய்வதற்கா உட்கார்ந்திருக்கிறோம்?" என்றார் முறுக்குக்கொம்பர். "சொல்லம்மா, என்ன நட்டிருந்தாய்?"

"அகத்தி, முருங்கை, தட்டைப்பயறு, ஐயா."

"தழை தளதளவென்று இருந்ததா?"

"இருந்தது."

"பாருங்கள், அவளே ஒப்புக்கொண்டாள்!"

மந்தையின் தலைவர் வளைகொம்பன் எழுந்தார். தாடியை நீவிக்கொண்டார். "நாங்கள் எங்கள் பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தத் தழைதான் எங்களை வா வா என்று கூப்பிட்டது!"

"அப்படியானால் என் பிள்ளையின் காதும் கழுகைக் கூப்பிட்டதா அண்ணாச்சி?" என்றாள் சாம்பலி.

"எதிர்க்கேள்வி கேட்கிறாள்!" என்று சபை முழுவதும் கத்தியது. காது போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கேள்வி கேட்டதுதான் எல்லாருக்கும் வலித்தது.

முறுக்குக்கொம்பர் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வெள்ளாடுகளின் ஆசையைத் தூண்டும் செடி எதையும் சாம்பலி இனி வளர்க்கக் கூடாது."

"உத்தரவு ஐயா," என்றாள் அவள். வெள்ளாடுகள் சிரித்தன. அந்த உத்தரவை அவள் எழுத்துக்கு எழுத்து மதிக்கப்போகிறாள் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்!

மறுநாளிலிருந்து சாம்பலி மந்தைக்குப் பின்னாலேயே நடந்தாள். வெள்ளாடு எதைத் தின்கிறது என்று பார்க்கவில்லை. அது போன பிறகு எது நிற்கிறது என்று பார்த்தாள். நொச்சி நின்றது. ஆடாதொடை நின்றது. ஆவாரை மஞ்சள் பூவோடு, ஒன்றுமே நடக்காததுபோல நின்றது.

ஐப்பசி மழைக்கு முன்பே பள்ளம் பறித்தாள். நொச்சியிலும் ஆடாதொடையிலும் குச்சி ஒடித்து ஊன்றினாள். ஆவாரை விதையைத் தூவினாள். ஈரம் போகாமல் இருக்க வேரைச் சுற்றிக் கல் அடுக்கினாள். வந்த மழை கொஞ்சம். அந்தச் செடிகளுக்கு அது தாராளம்.

தை மாதம் மந்தை வந்தது. வளைகொம்பன் முதல் வாய் வைத்தார்.

"தூ! தூ! என்ன கசப்பு! இது தோட்டமா, கஷாயக் கடையா?"

நேரே சபைக்கு ஓடினார். "வேண்டுமென்றே கசக்கிற செடியாக வளர்க்கிறாள்! சுயநலக்காரி! ஊருக்கு உதவாத தோட்டம்!"

"ஏனம்மா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டார் முறுக்குக்கொம்பர்.

"உங்கள் தீர்ப்புதான் ஐயா. இவர் ஆசைப்படும்படி ஏதாவது இருந்ததா என்று இவரையே கேளுங்கள்."

கலைமான் வானத்தைப் பார்த்தார். வளைகொம்பன் தரையைப் பார்த்தார். சபை கலைந்தது.

சித்திரை பிறந்தது. அதற்குள் மந்தை காட்டில் வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் மேய்ந்து முடித்திருந்தது. எங்கு பார்த்தாலும் மண். நிழல் என்பது சாம்பலியின் தோட்டத்தில் மட்டும்தான். அதனடியில் அவளுடைய புதுக் குட்டிகள் முழுக் காதுகளோடு தூங்கின.

ஒரு நாள் உச்சிவெயிலில் வளைகொம்பன் வந்தார். கூடவே அவர் மகள். அவளுக்குப் பின்னால், காலையில்தான் பிறந்த குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்தது. மேலே கழுகு வட்டமிட்டது.

"அம்மா சாம்பலி, எனக்கு வேண்டாம். என் பேரனுக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடு!"

சாம்பலி தன் குட்டிகளை ஓரமாக ஒதுக்கினாள். ஆட்டுக்குட்டி நொச்சிக்கடியில் புகுந்து படுத்தது. கழுகு இன்னும் சில வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது.

பேரன் பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் வளைகொம்பனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. தாடியை நீவிக்கொண்டே சொன்னார்.

"நிழல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கசப்பு ஆகாதம்மா! நாங்களும் ஒரு வாய் கடிக்கிற மாதிரி கொஞ்சம் இனிப்பாய் வளர்த்திருந்தால், இந்தக் காடே உன்னைக் கொண்டாடியிருக்குமே!"

சாம்பலி அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"கொண்டாடியிருப்பீர்கள் அண்ணாச்சி, தின்று முடித்த பிறகு! உங்களுக்குக் கசந்ததால்தான் இந்தச் செடி நிற்கிறது, இது நிற்பதால்தான் உங்கள் பேரன் மூச்சு விடுகிறான். கண்டவர் வாய்க்கெல்லாம் இனித்துக்கொண்டிருந்தால் கடைசியில் ஒருவருக்கும் நிழல் மிஞ்சாது!"