தலைவர் பெயர் போட்ட அடுப்பு

காட்டில் ஒரு காகிதம்கூட விழக் கூடாது என்று மலையேறும் வழியெல்லாம் பிரசங்கம் செய்தார் இயற்கைக் காவல் சங்கத் தலைவர் நவநீதகிருஷ்ணன். அவர் எப்போதும் சங்கத்தார் எல்லோருக்கும் முன்னால் நடப்பார். மூட்டை சுமக்கும் சமையல்காரர் சடையாண்டி கடைசியில் வருவார்.

உச்சிக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பைக் காணோம். கனம் என்று அதை ஜீப்பிலேயே விடச் சொன்னவரும் தலைவர்தான்.

"அரை மணியில எனக்குக் காபி வரணும். ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது, தரையில தீ மூட்டக் கூடாது. முடியலேன்னா இனிமே உனக்கு இங்க வேலை இல்ல."

"ஆகட்டும் சார்" என்று சடையாண்டி சாக்கிலிருந்து இரண்டு தகர டப்பாக்களை எடுத்தார். பெரியதன் அடியோரம் ஆணியால் சுற்றிலும் துளை போட்டார். சின்னதில் அடியிலும் வாயோரத்திலும் துளை போட்டு, அதைப் பெரியதற்குள் இறக்கினார். மூன்று கல்மேல் தூக்கி வைத்து, உதிர்ந்து கிடந்த பைன் காய்களைப் போட்டுப் பற்றவைத்தார். முதலில் புகைந்தது. பிறகு மேல்துளைகளில் தீ எட்டிப் பார்த்து, அந்தப் புகையையே தின்றது. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

காபியைக் குடித்த தலைவருக்கும் ஆவல் தாங்கவில்லை. "எந்தக் கம்பெனி அடுப்புய்யா இது? சங்கத்துக்கு ஒரு டஜன் வேணுமே!"

"வர்ற வழியில பொறுக்கினது சார். பேரு பின்னாடி இருக்கு."

சடையாண்டி துணியால் பிடித்து டப்பாவைத் திருப்பினார். மையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'நவநீதகிருஷ்ணன் சத்துமாவு. யாரும் தொடக் கூடாது.'

"டஜன் வேணும்னா, இறங்கும்போதும் நீங்களே முன்னால நடங்க சார்" என்றார் சடையாண்டி. "நான் பின்னாலேயே பொறுக்கிட்டு வர்றேன்."