அன்பால் ஓடிய கோட்டைக் கதவு

கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறது. வாய் சும்மாதானே இருக்கிறது, ஒரு ராஜா கதை சொல்கிறேன். பழைய காலத்து ராஜாதான். ஆனால் அவர் அரண்மனையில் கம்ப்யூட்டர் இருந்தது. அது எப்படி என்று நடுவில் கேட்காதீர்கள், எனக்குச் சொல்ல வராது.

தாழைநாட்டு ராஜா மங்கலவர்மர். அவருடைய கோட்டைக் கதவை ஆள் திறப்பதில்லை. ராஜாவின் யானை வந்து நின்றால் கம்ப்யூட்டர் பார்த்துத் தானே திறந்துவிடும். அந்தப் புரோகிராமை எழுதியவள் வேலம்மை. அரண்மனையில் அவளுக்கு வேலை என்னவோ யானைத் தீவனக் கணக்குத்தான், மாதம் இரண்டு பொன். கதவுப் புரோகிராமை வேலை முடிந்தபிறகு ஆசைக்கு எழுதினாள். எழுதியதைப் பூட்டி வைக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம் என்று ஊருக்கே திறந்து வைத்துவிட்டாள். பக்கத்து நாட்டுக் கோட்டைகளிலும் அதையே மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் "அருமை, அருமை" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் மந்திரி பட்டுராயர் அந்தப் புரோகிராமுக்கு மேலே ஒரு மயில் படம் போட்டார். ராஜா வந்தால் திரையில் மயில் தோகை விரிக்கும். அதற்கு அவருக்கு மாதம் ஆயிரம் பொன்.

புரோகிராமின் உள்ளே ஒரு வரி இருந்தது. அதன் பக்கத்தில் வேலம்மை, "இது சும்மா இருப்பதுபோலத் தெரியும், எடுத்துவிடாதீர்கள்" என்று குறித்து வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுராயர் அதைப் படித்தார். அவருக்கும் சும்மா இருப்பதுபோலத்தான் தெரிந்தது. எடுத்துவிட்டார். ஒரு தரம் ஓட்டிக்கூடப் பார்க்காமல் பல்லக்கில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

வேட்டைக்குப் போன ராஜா நல்ல மழையில் திரும்பி வந்தார். கதவு திறக்கவில்லை. மயில் மட்டும் தோகை விரித்தது. யானையைப் பின்னால் நகர்த்தி மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். மறுபடியும் மயில். வேலம்மை விழுந்தடித்து ஓடிவந்து அந்த வரியைத் திரும்பப் போடும்வரை ராஜா யானைமேல் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சபை கூடியது. ராஜா தும்மிக்கொண்டே கேட்டார். "யார் செய்த வேலை இது?"

"ஓசியில் வந்த புரோகிராம், மகாராஜா," என்றார் பட்டுராயர். "ஓசிச் சரக்கு அப்படித்தான், நேரம் பார்த்துக் காலை வாரும்."

கடைசி வரிசையில் வேலம்மை எழுந்தாள். "ராஜா, அந்த வரியை எடுத்தது நான் இல்லை."

"ஊருக்கே திறந்து வைத்தால் எவனாவது எடுக்கத்தானே செய்வான்?" என்றார் பட்டுராயர், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல்.

ராஜா சபையைப் பார்த்தார். "எல்லோரும் உள்ளே பார்க்கலாமாமே. உங்களில் யாராவது பார்த்தீர்களா?"

ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்கலாம் என்பதால், யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

"அப்படியா சேதி. இனிமேல் வேலம்மை ராப்பகலாகக் கதவோடேயே இருக்கட்டும். தீவனக் கணக்கை வேறு ஆளிடம் கொடுங்கள். இன்னொரு தரம் நான் நனைந்தால் இவளுக்குச் சிறை."

"சம்பளம், ராஜா?"

ராஜா வாய் திறப்பதற்குள் பட்டுராயர் முந்திக்கொண்டார். "சம்பளமா? இவள் இதை அன்பால் செய்தவள், மகாராஜா. அன்பால் செய்கிறவர் கையில் காசைத் திணிப்பது அந்த அன்பையே கேவலப்படுத்துவது ஆகாதா?"

கஜானாவுக்கு மிச்சம் என்றதும் ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல பேச்சு. இதையே சட்டமாக்குகிறேன். அன்பால் வேலை செய்கிறவருக்குக் கூலி கிடையாது."

வேலம்மை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இருந்த இரண்டு பொன்னும் போயிற்று, சிறை வேறு வாசலில் காத்திருக்கிறது.

"ஆகட்டும், ராஜா. இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?"

"எனக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் ஒன்றுதான்."

"அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தச் சபையில் உங்கள்மேல் அன்பு அதிகம் யாருக்கு?"

சேனாதிபதிக்குத் திடீரென்று இருமல் வந்தது. புலவர் மேல்கூரையில் எதையோ தேடினார். பட்டுராயர் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. "என்ன பட்டுராயரே, உமக்கு என்மேல் அன்பு இல்லையா?"

"ஐயையோ, என்ன கேள்வி மகாராஜா இது. என் உயிரைவிட அன்பு."

"அப்போ உம்முடைய உழைப்பெல்லாம்?"

பட்டுராயருக்கு வேர்த்தது. "அன்பால்தான், மகாராஜா," என்றார். குரல் மயில் அகவுகிற மாதிரி வந்தது.

வேலம்மை கைகட்டிச் சொன்னாள். "மந்திரியின் வாயாலேயே கேட்டுவிட்டீர்கள், ராஜா. அவர் அன்புக்கு உழைக்கிறவர். நான் சோற்றுக்கு உழைக்கிறவள். அவருக்குக் கூலி கொடுத்தால் அவர் அன்பைக் கேவலப்படுத்தியதாகிவிடும். அதனால் அந்த ஆயிரம் பொன்னை, அவ்வளவு அன்பில்லாத எனக்குக் கொடுத்துவிடுங்கள்."

ராஜாவுக்குத் தும்மலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. "கதவை வேலம்மையே பார்க்கட்டும். ஆயிரம் பொன்னும் அவளுக்கே. பட்டுராயர் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும்," என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்பாக," என்று சேர்த்தார்.

பட்டுராயர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் இந்தச் சேதியை எப்படிச் சொன்னார் என்றால், முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு மெதுவாக... இதோ வரேன் அத்தை, முழிச்சிட்டானா? தொட்டிலை ஆட்டிவிடுங்க, வந்துட்டேன். பட்டுராயர் பெண்டாட்டி என்ன கேட்டாள் தெரியுமா, அன்புன்னா சரி, ஆனா நாளைக்கு உலையில எதைப் போடுறதுன்னு... வந்துட்டேன் அத்தை!