நரி அண்ணாந்து குடித்த பானை

கருமலை அடிவாரத்தில் கூராயி என்ற முள்ளம்பன்றிக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதே ஓடையை நம்பி இன்னும் இரண்டு தோட்டங்கள் இருந்தன. ஓடை மலையிலிருந்து இறங்கும் இடத்தில் உளியப்பன் என்ற கரடியின் தோட்டம். நடுவில் மந்தாகினி என்ற குரங்கின் தோட்டம். கடைசியில்தான் கூராயியின் பந்தல்.

கோடையில் ஓடைத் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். முதல் முறைக்காரருக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் வரும். இரண்டாம் முறைக்காரருக்குப் பாதி வரும். மூன்றாம் முறைக்காரருக்கு ஈர மணல் வரும். போன கோடையில் உளியப்பனுக்கு முதல் முறை, கூராயிக்கு மூன்றாம் முறை. பந்தலில் பாதிக் கொடி காய்ந்து விறகாகிவிட்டது. இந்தக் கோடையும் அப்படியே போனால் மீதிப் பாதியும் விறகுதான்.

யாருக்கு எந்த முறை என்று முடிவுசெய்ய அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் மூன்று தோட்டக்காரர்களும் ஒரு நடுவரோடு சைக்கிளில் கிளம்புவார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் அந்த ஆண்டு ஒயினைச் சுவைப்பார்கள். நடுவர் எந்த வரிசையில் பாராட்டுகிறாரோ அந்த வரிசையில் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் தீர்ப்பு வராவிட்டால் போன ஆண்டு வரிசையே இந்த ஆண்டுக்கும். இதற்குச் சுவைச் சுற்று என்று பெயர். காட்டில் சைக்கிள் ஏது என்று கேட்கிறவர்கள், கரடி ஒயின் போடுவதை மட்டும் எப்படி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

சுற்றுக்கு ஆண்டுக்கு ஒருவர் வழிகாட்டி. இந்த ஆண்டு கூராயி. வழிகாட்டி கொடியின் வயதைச் சொல்லலாம், மண்ணின் நிறத்தைச் சொல்லலாம். ஒயினைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வழிகாட்டியின் தோட்டம் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒயினை விழுங்கக் கூடாது. வாயில் வைத்து, சுழற்றி, சுவை பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். மூன்று தோட்டத்து ஒயினையும் விழுங்கிவிட்டு மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டிய பழைய நடுவர் ஒருவரை ஓடையிலிருந்து தூக்கி எடுக்க நான்கு காட்டெருமைகள் தேவைப்பட்டன. அதிலிருந்து இந்த விதி.

ஆனால் நாலு பேர் பார்க்கத் துப்புவது அந்தக் காட்டில் மரியாதைக் குறைவு. ஆகவே ஒவ்வொருவரும் பந்தல் தூணுக்குப் பின்னால் போய், அங்கே வைத்திருக்கும் துப்பல் பானையில் சத்தமில்லாமல் துப்பிவிட்டு வருவார்கள். கொடியின் வேரில் எச்சில் படக் கூடாது என்பதால் பானையை வழிகாட்டியே ஈரத் துணியால் மூடி, தன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார். எல்லாம் முடிந்த பிறகு தொலைவில் ஒரு குழியில் கொட்டுவார்.

இந்த ஆண்டு நடுவர் சம்புலிங்கம் என்ற நரி. ஏழு மலைக்கு அப்பாலிருந்து வரவழைத்திருந்தார்கள். உள்ளூரில் யாரைச் சொன்னாலும் மற்ற இருவர் ‘அவர் உங்க ஆளு’ என்றார்கள். அதனால்தான் வெளியூர் ஆள். சம்புலிங்கம் ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். உண்மையில் அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை. ஒரு ஒயின் கிடங்கின் பின்வாசலில் இரண்டு மாதம் குடியிருந்தார். அங்கே முகர்ந்த வாசனையை அனுபவம் என்று வைத்துக்கொண்டார். இது பின்னால் தெரியவந்தது.

காலையில் கூராயி விதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். கொடி, மண், சரிவு, பிரேக் வரை வந்தாயிற்று. ‘இனி சுவை பார்க்கிற முறை’ என்று அவள் தொடங்கும்போது நடுவர் கையை உயர்த்தினார்.

“அம்மா, நான் பார்க்காத சுற்றா? நீங்க வழியை மட்டும் காட்டுங்க.”

கூராயி வாயை மூடிக்கொண்டாள். நடுவரின் மனம் கோணினால் தண்ணீர் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு.

கிளம்பினார்கள். முள்ளம்பன்றியின் சைக்கிளை யாரும் ஒட்டி ஓட்டக் கூடாது என்பது அந்த ஊரில் சின்னக் குட்டிக்கும் தெரியும். நடுவர் ஒட்டி ஓட்டினார். அரை மைல் போவதற்குள் முன் டயர் பஞ்சர். உளியப்பன் முனகிக்கொண்டே முள்ளைப் பிடுங்கி, பஞ்சர் ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தார். பாதை சரியில்லை என்று நடுவர் அபிப்பிராயப்பட்டார்.

முதலில் உளியப்பன் தோட்டம். கரடி மண் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார். மூவரும் சுவைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகத் தூணுக்குப் பின்னால் போய் வந்தார்கள். மலைவாசிகளுக்கு அடிக்கடி மூக்குச் சிந்துகிற பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்த நடுவர், குவளையை ஒரே மூச்சில் விழுங்கினார். கண்ணை மூடினார். மழைக்கு முந்திய பாறையின் நினைவு இதில் இருக்கிறது என்றார்.

கூராயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடுவர் விழுங்கிவிட்டாரே! இதைச் சொன்னால் ஒயினைப் பற்றிப் பேசியதாகிவிடுமோ என்ற குழப்பத்தில் கரடியிடம் மெல்லக் கிசுகிசுத்தாள். பெரிய இடத்து நடுவர்களுக்குப் பெரிய வயிறு இருக்கும், கண்டுகொள்ளாதே என்று உளியப்பன் சொல்லிவிட்டார். தன் ஒயினை ஒருவர் சொட்டு விடாமல் விழுங்கியதில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

மந்தாகினி தோட்டத்தில் நடுவர் மூன்று குவளை விழுங்கினார். பாராட்டு நீண்டுகொண்டே போனது. நடுவில் கொஞ்சம் அழுதார். அங்கிருந்து இறங்கும் சரிவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினார். பின்னால் வந்த மந்தாகினி தன் வாலால் அவருடைய கேரியரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்ததால்தான் ஓடைக்கு அன்று வேலையில்லாமல் போயிற்று.

மாலையில் கூராயியின் பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். பாதிப் பந்தல் பச்சை. பாதிப் பந்தல் கம்பி. மீந்த கொடியில் காய்த்ததைக் கொண்டு அவள் போட்ட ஒயின் ஒரே ஒரு சாடிதான். அதைக் குவளையில் ஊற்றி நீட்டியபோது அவள் முதுகு முள்ளெல்லாம் தானாகச் சிலிர்த்து நின்றது. எல்லோரும் சுவைத்தார்கள். மூவரும் தூணுக்குப் பின்னால் போய் வந்தார்கள். நடுவர் விழுங்கினார். உதட்டைப் பிதுக்கினார். குறை சொல்வதற்கில்லை, அவ்வளவுதான் என்றார்.

கூராயி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் மூன்றாம் முறை எழுதியிருந்தது.

மடை திறக்கிற யானை வேழமுத்து தீர்ப்பைக் கேட்க இன்னும் வந்து சேரவில்லை. அவருக்கேற்ற சைக்கிளை யாரும் செய்யாததால் நடந்து வந்துகொண்டிருந்தார். அவரை எதிர்கொண்டு அழைத்துவர உளியப்பனும் மந்தாகினியும் வாசல்வரை போனார்கள். கூராயி குழிக்குக் கொண்டுபோவதற்காகத் துப்பல் பானையை மூடிப் பந்தல் நிழலில் வைத்தாள். குவளைகளை வாய்க்கால் ஓரத்தில் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பியவளின் கையிலிருந்து குவளைகள் நழுவின.

நடுவர் ஈரத் துணியை அவிழ்த்திருந்தார். துப்பல் பானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். உதடு படாமல், ஒரு சொட்டு சிந்தாமல், அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

கத்த நினைத்தாள். நடுவரின் மனம் கோணுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவரின் தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கடைசியில் பானையை இறக்கி, மறுபடி துணியால் நேர்த்தியாக மூடி, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்தவர் பானையில் நான் வாய் வைக்கிறதே இல்லை அம்மா. எச்சிலாகிவிடும் பாருங்கள்.”

அப்போது வேழமுத்து உள்ளே வந்தார். கரடியும் குரங்கும் கூடவே வந்தார்கள். நடுவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பை ஆரம்பித்தார். கூராயி தன் நல்ல ஒயினை ஒளித்துவைத்துவிட்டுச் சுமாரானதை நீட்டினாள், ஆனால் தன் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது என்றார். அந்தப் பானையில் இருப்பது ஒரு சுவை இல்லை, சுவைகளின் சபை என்றார். என்ன ஆழம், என்ன பக்குவம், எத்தனை வாய் பேசுகிறது என்றார். கூராயிக்கே முதல் முறை.

யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று யானை கேட்டார். மந்தாகினி இல்லை என்று தலையாட்டினாள். உளியப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கூராயியின் பக்கம் வந்து, முள் குத்தாத இடமாகப் பார்த்துத் தோளைத் தட்டினார்.

“உன் கொடி பொழைச்சுது தங்கச்சி. நான் சமாளிச்சுக்கறேன்.”

முதல் முறை! வாய்க்கால் நிறையத் தண்ணீர்! அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பேசாமல் இருந்தால் போதும். வழிகாட்டி பேசக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஒரு மூச்சு நேரம் கூராயிக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த மூச்சில் அவளுக்கு உடம்பு கூசியது. நரி குடித்ததைப் பார்த்தபோதுகூட அப்படிக் கூசவில்லை. தோளில் இன்னும் கரடியின் கை இருந்தது.

“நடுவர் குடிச்சது என் ஒயின் இல்லைங்க அய்யா,” என்றாள்.

யானை காதை விரித்தார். வழிகாட்டி ஒயினைப் பற்றிப் பேசினால் தோட்டமே போட்டியில் இருக்காது, நினைவிருக்கிறதா என்று எச்சரித்தார்.

“நான் ஒயினைப் பத்திப் பேசலீங்க. எங்க எச்சிலைப் பத்திப் பேசறேன். அது துப்பல் பானை.”

ஒரு இலை அசையவில்லை. உளியப்பனின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. மந்தாகினி விரலை மடக்கி எதையோ எண்ணினாள். நடுவில் நிறுத்திவிட்டாள்.

“அய்யோ, எனக்கு மூணு நாளா சளி வேற,” என்றாள்.

வேழமுத்து, ஐம்பது கோடை மடை திறந்தவர், அருகிலிருந்த மரத்தில் சாய்ந்துகொண்டார். நடுவர் தெரியாமல் குடித்துவிட்டதாகச் சொன்னால் தீர்ப்பு செல்லாது என்றார். பொழுது மலை விளிம்பைத் தொட்டுவிட்டது, மறுபடி சுற்ற நேரமில்லை. போன ஆண்டு வரிசைதான்.

கூராயி தலை குனிந்தாள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரியின் முகம் வெளிறியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொண்டையில் ஏதோ ஏறியது. அதை முழுங்கினார். ‘தெரியாது’ என்று சொன்னால் போதும். அதோடு ஓடைக்கரைக்கு ஓடி நிம்மதியாக வாந்தி எடுத்திருக்கலாம்.

அவர் கழற்றி வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“தெரியாமல் குடிச்சேன்னு யார் சொன்னது? எங்க பக்கத்தில் பெரிய நடுவர்கள் கடைசியாகப் பார்க்கிறதே இதைத்தான். மூன்று தோட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஆழம் தெரியும்.”

இதைக் கேட்டதும் துப்பல் பானையைக் கேட்டபோது இருந்ததைவிடப் பெரிய அமைதி விழுந்தது.

யானை தன் சின்னக் கண்களால் நரியை நெடுநேரம் பார்த்தார். தெரிந்தேதான் குடித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் நடுவர். தீர்ப்பில் மாற்றமில்லையே? இல்லை. அந்தப் பானையில் இருப்பதுதான் சிறந்ததா? அதில் சந்தேகமே வேண்டாம் என்றார் நடுவர்.

“அப்படின்னா பானையில் யார் ஒயின் இருக்கோ அவங்களுக்குத்தான் முதல் முறை. மூணு பேர் ஒயினும் இருக்கு. இந்தக் கோடையில் வாய்க்காலை மூணாகப் பிரிச்சு ஒரே நேரத்தில் விடறேன்,” என்றார் வேழமுத்து.

கூராயி தன் பந்தலை அண்ணாந்து பார்த்தாள். பாதிப் பந்தலுக்கு மூன்றில் ஒரு பங்கு தாராளம். மந்தாகினி அவளைக் கட்டிக்கொள்ள வந்து, முள்ளைப் பார்த்துக் கும்பிடோடு நிறுத்திக்கொண்டாள். உளியப்பன் தன் பங்கு குறைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வை பானையில் இருந்தது. முகத்தைப் பயபக்தியாக வைத்துக்கொண்டு நடுவரிடம் போனார்.

“அய்யா, பாதிப் பானை மிச்சம் இருக்குதுங்க. இவ்வளவு உசத்தின்னு தெரிஞ்ச பிறகு அதைக் குழியில் கொட்ட மனசு வரலை.”

சும்மா வம்புக்குத்தான் அவர் அப்படிச் சொன்னார். நரி தலை தெறிக்க ஓடும், பின்னாலிருந்து சிரிக்கலாம் என்று நினைத்தார். கூராயிகூட, வேண்டாம் அண்ணே, விட்டுவிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்தாள்.

சம்புலிங்கம் பானையைப் பார்த்தார். தன்னைச் சுற்றி நின்ற நான்கு முகங்களையும் பார்த்தார். துணியை அவிழ்த்தார். பானையைத் தூக்கினார்.

முதல் மடக்கில் மந்தாகினி வாலால் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது மடக்கில் கரடி திரும்பி நின்றுகொண்டார். சிரிக்க வந்த சிரிப்பு அவருக்கு எங்கேயோ போய்விட்டது. ஏழாவது மடக்கில் யானையே போதும் அய்யா, போதும் என்று கெஞ்சினார். நரி நிறுத்தவில்லை. பானை காலியாகும் வரை குடித்து, அதைக் கவிழ்த்துக் காட்டி, கடைசிச் சொட்டுதான் மிகச் சிறந்தது என்றும் சொன்னார்.

‘தெரியாது’ என்ற ஒரு சொல்லை வெளியே விடக் கூச்சப்படுகிறவன், எதை வேண்டுமானாலும் உள்ளே விழுங்குவான்.