முடிச்சுட்டுக் கேக்கறேன்

“பதில் எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது டீச்சர். அப்புறம் எதுக்குங்க தள்ளிவிடுது?”

அந்த வாரம் முழுக்க நஞ்சப்பன் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் அமலோற்பவம் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டவுடன் பதில் சொல்லும் ஆள் இல்லை அவர்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஞானம் தேடுகிறவர்கள் மலையேறுவது குளிருக்காக இல்லை. நாங்கள் ஏறியது குளிருக்காகத்தான். கோத்தகிரிக்கு மேலே மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரி. இலை வாட்டிய மாடியில் இப்போது கிரிப்டோ காசு தோண்டும் மைனிங் மெஷின்கள் ஓடுகின்றன. மெஷினுக்குச் சூடு ஆகாது. மலைக்காற்று சும்மாவே கிடைக்கிறது. கரண்ட், பின்னால் ஓடும் ஓடையில் டீச்சர் தன் கையால் வைத்த டர்பைனிலிருந்து வருகிறது.

எட்டு மெஷினுக்குத்தான் அது காணும். அந்த எட்டில் ஒன்று என்னுடையது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கெத்துதான். டீச்சரிடம் இடம் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கோ இருக்கும் சர்வர் ஒரு கணக்கு கொடுக்கும். மெஷின் அதற்கு விடை தேடி அனுப்பும். உலகத்தில் வேறு யாராவது அந்தக் கணக்கை முடித்துவிட்டால் அது செத்த கணக்கு. உடனே அடுத்த கணக்கு வந்துவிடும். நீங்கள் இமைப்பதற்குள் வந்துவிடும். நாம் அனுப்பிய விடையை சர்வர் வாங்கிக்கொண்டால் திரையில் பச்சை வரி. தள்ளிவிட்டால் சிவப்பு வரி.

டீச்சரின் சட்டம் ஒன்றுதான். ஓடை கொடுக்கும் கரண்ட்டை வீணாக்கக் கூடாது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பார்ப்பார். யார் மெஷினில் சிவப்பு எக்கச்சக்கமாக இருக்கிறதோ, அவர் கழற்றி எடுத்துக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். அழுதாலும் அசைய மாட்டார்.

நஞ்சப்பனுக்கு மூன்றுக்கு ஒரு வரி சிவப்பு. வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

நஞ்சப்பன் கோயம்புத்தூர்க்காரர். டீச்சரைவிட வயதில் நன்றாக மூத்தவர். மச்சான் ஆறுச்சாமியின் கடையில் வருஷக்கணக்காகப் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டியவர். தனக்கென்று ஒரு பேர் வேண்டும் என்று ஒருநாள் எழுந்து வந்துவிட்டார். மெஷினுக்கு ஃப்ரேம் வெல்டிங் அடித்தது அவர். ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டியதும் அவர். பொறாமையோடுதான் சொல்கிறேன், எட்டிலும் வேகமான மெஷின் அதுதான்.

மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கும். யார் மெஷினுக்கு எவ்வளவு வேகம் என்று வரிசையாகக் காட்டும். நஞ்சப்பன் பெயர்தான் முதலில். போகும்போதும் வரும்போதும் அதன்முன் நின்று மீசையைத் தடவிவிட்டுத்தான் நகர்வார்.

பேச்சிலும் அவர்தான் முதல். வாயைத் திறந்தால் நடுவில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. “இரப்பா, முடிச்சுட்டுக் கேக்கறேன்” என்பார். முடித்தபிறகு கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

“மறுபடி மச்சான் கடை ஸ்டூல்ல போய் உக்கார என்னால ஆகாதுங்க டீச்சர்,” என்றார் இப்போது. “நீங்க ஒரு வழி சொல்லோணும்.”

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“என்னென்ன பாத்தீங்கண்ணா?”

“கேபிள் மாத்திட்டனுங்க. பக்கத்துல இருக்கற சர்வருக்கு மாறியாச்சு. கணக்குப் போடற கார்டு ஒவ்வொண்ணையும் கழட்டித் துடைச்சு மாட்டினேன். சாஃப்ட்வேரை அழிச்சு முதல்ல இருந்து போட்டேன்.”

“எதை மாத்தல?”

“இன்டென்சிட்டியை மட்டும் தொடலீங்க. அதைத் தொட மாட்டேன். அதாலதான் நான் முதலிடம்.”

இன்டென்சிட்டி என்பது ஒரு எண். ஒரே மூச்சில் எவ்வளவு கணக்கை அள்ளிக்கொண்டு உட்கார வேண்டும் என்று அது கார்டுக்குச் சொல்லும். நஞ்சப்பன் அதை உச்சாணியில் வைத்திருந்தார்.

டீச்சர் அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

“ஒரு டீ போட்டுத் தர்றீங்களாண்ணா?”

மாடியின் கோடியில் அடுப்படி. நஞ்சப்பன் போனார். எது செய்தாலும் முழுசாகச் செய்கிறவர். ஏலக்காய் தட்டினார். பாலைப் பொங்கவிட்டு இறக்கினார். ஆற்றத் தொடங்கினார்.

டீச்சர் எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றார்.

“அண்ணா, டீ வேண்டாம். வெந்நீர் போதும்.”

நஞ்சப்பன் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினார்.

“இருங்க டீச்சர், முடிச்சுட்டுக் கேக்கறேன்.”

டீ வந்தது, நுரையோடு. டீச்சர் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினார்.

“இன்னொரு டீ போடுங்கண்ணா.”

நஞ்சப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பப் போனார். இந்தத் தடவை இஞ்சியும் தட்டிப் போட்டார்.

டீச்சர் வாசலில் நின்றார்.

“அண்ணா, சுக்குக் காப்பி இருந்தா அதையே குடுங்க.”

“ஒரு நிமிசமுங்க. இதை முடிச்சுட்டுக் கேக்கறேன்.”

அந்த டீயும் தொட்டிக்குப் போனது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவருக்கு இது வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

மூன்றாவது டீயும் போனபோது சிரிக்க முடியவில்லை. நஞ்சப்பனின் காது மடல் சிவந்துவிட்டது.

“டீயில என்னங்க குத்தம்?”

“ஒரு குத்தமும் இல்லண்ணா. இந்த மலையில இப்படி ஒரு டீ கிடைக்காது.”

“அப்புறம் எதுக்குங்க கீழ ஊத்தறீங்க?”

“டீ கேட்டது உண்மை. அப்புறம் வேற கேட்டேனே.”

“எப்பங்க கேட்டீங்க?”

டீச்சர் எங்கள் பக்கம் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். ஃபேன் சத்தத்தையும் தாண்டி எங்கள் எல்லாருக்கும் கேட்டிருந்தது. அடுப்பு முன்னால் நின்றவருக்கு மட்டும் கேட்கவில்லை.

நஞ்சப்பன் காலி டம்ளரைப் பார்த்தார். அப்புறம் தன் மெஷினைப் பார்த்தார். அது மும்முரமாக உறுமிக்கொண்டிருந்தது. திரையில் இன்னொரு சிவப்பு வரி விழுந்தது.

“அதுவும் இதையேதான் பண்ணுதுங்களா? செத்த கணக்கை முடிச்சு முடிச்சு அனுப்புதுங்களா?” என்றார், மெதுவாக.

டீச்சர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நஞ்சப்பன் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். இன்டென்சிட்டி இருக்கும் வரிக்கு வந்தார். விரலை வைத்தார், எடுத்தார். கழுத்தைத் திருப்பிக் கதவோரத் திரையைப் பார்த்தார். அங்கே அவர் பெயர் முதலில் இருந்தது. ஒரு மனுஷன் தன் பெயரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

பிறகு எண்ணைக் குறைத்தார். இன்னும் குறைத்தார்.

உறுமல் தணிந்தது. கதவோரத் திரையில் அவர் பெயர் இரண்டாவதாக இறங்கியது. நான்காவதாக இறங்கியது. ஆறாவதில் போய் நின்றது. அவருக்கு மேலே இப்போது என் பெயர்.

நஞ்சப்பன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தன் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை. பச்சை. சர்வர் புதுக் கணக்கு கொடுத்தது. கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மெஷின் அதை எடுத்துக்கொண்டது. பச்சை.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நஞ்சப்பனின் மெஷினில் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. எட்டிலும் குறைந்த சிவப்பு அதில்தான்.

“இருங்க,” என்று மட்டும் சொன்னார் டீச்சர். நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது நான் டீச்சரிடம் மெல்லச் சொன்னேன், “ஒருவழியா அவர் தலைக்கனத்தை இறக்கிட்டீங்க டீச்சர்.”

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நான் ஏன் இறக்கணும்? அவ்வளவு நல்லா ஒரு மெஷினைக் கட்டிட்டுத் தலைகுனிஞ்சு நிக்கணுமா? நீ முதல்ல அந்த மாதிரி ஒரு வெல்டிங் அடிச்சுக் காட்டு.”

எனக்கு வேண்டியதுதான்.

மத்தியானம் ஃபேக்டரி வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சிவப்பாக விழுந்த நாட்களில், மெஷினை ஏற்றிப் போக நஞ்சப்பனே வரச்சொன்ன வண்டி. வேண்டாம் என்று அப்புறம் போனில் சொல்லியும் மச்சான் ஆறுச்சாமி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, காதோரம் நரை, சன்னமான குரல். மாடியேறி வந்தவர் கதவோரத் திரையை நிமிர்ந்து படித்தார்.

“ஆறாவதா இருக்குதுங்களே மாப்ள?”

நாங்கள் நஞ்சப்பனைப் பார்த்தோம்.

“ஆறாவதுதானுங்க மச்சான்,” என்றார் நஞ்சப்பன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். “ஆனா தள்ளுபடி ஆகறது இங்க எனக்குத்தான் கம்மி. வாங்க, காட்டறேன்.”

தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். ஃப்ரேமுக்கு எந்த இரும்பு ஆங்கிள் எடுத்தார், ஏன் எடுத்தார். ஃபேனுக்கு எத்தனை சுற்று கட்டினார், பழைய கம்பி ஏன் ஆகாது. காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும். கையை வீசி வீசிச் சொன்னார். ஆறுச்சாமி தலையாட்டிக்கொண்டே நடந்தார். நடுவில் என்னவோ சொன்னார். ஃபேன் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை.

“இருங்க மச்சான், முடிச்சு…”

நஞ்சப்பன் நின்றுவிட்டார். தூக்கிய கை அப்படியே இருந்தது. மெல்ல அதைக் கீழே இறக்கினார். மெஷினுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மச்சானின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“என்ன சொன்னீங்க மச்சான்?”

ஆறுச்சாமி தடுமாறிப்போனார். அந்தக் கேள்விக்கு அவருக்குப் பழக்கமே இல்லை.

“ஒண்ணுமில்ல மாப்ள. உங்கள நெனச்சா பெருமையா இருக்குதுன்னு சொன்னேன். கடையில இருந்தப்பவும் சொல்லிட்டேதான் இருந்தேன்.”