மகாராஜாவின் காலர் பின்

செம்பறைச் சமஸ்தானத்து ராஜா உக்கிரபூபதிக்கு உயரம் குறைவு, வயிறு தாராளம். கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதை யாரும் பார்த்ததில்லை. அந்த உடம்புக்குத்தான் பேஷ்கார் ரங்கய்யா பட்டணத்திலிருந்து கோட்டும் சூட்டும் தைத்து வரவழைத்திருந்தார். துணி முழுக்கக் கட்டம். ஒவ்வொரு கட்டமும் தோசைக்கல் அகலம். மேலே காதுமடலைத் தொடும் விறைத்த காலர். அதன் இரண்டு முனைகளையும் டைக்கு அடியில் இறுக்கிப் பிடிக்க ஒரு தங்கப் பின்.

"எப்படி?" என்றார் ராஜா, நிலைக்கண்ணாடி முன் நின்று.

ராஜா கொட்டாவி விட்டாலும் தலையாட்டுகிறவர் ரங்கய்யா. "சீமைப் பிரபுக்கள் பார்த்தால் வயிறெரிவார்கள், மகாராஜா," என்று இப்போதும் பலமாக ஆட்டினார்.

அரண்மனை விகடர் மாசிலாமணிக்கோ மெத்தை உறைக்குள் பூசணிக்காயைத் திணித்தது போலத் தெரிந்தது. அதை அப்படியே சொல்ல முடியுமா?

"போன வருஷம் தைத்த கறுப்புக் கோட்டு பெட்டியில் இருக்கிறதே, மகாராஜா. மெல்லிய நெட்டுக்கோடு போட்டது. அதோடு தாழ்ந்த காலர் வைத்தால் ஆளை உயரமாகக் காட்டும்."

"அப்படியானால் மகாராஜா குள்ளம் என்கிறீரா?" என்றார் ரங்கய்யா மெதுவாக.

ராஜாவின் முகம் சிவந்தது. "நாளைக்குத் தர்பாருக்கு ரெசிடென்ட் துரை வருகிறார். வடக்குமலைத் தேக்குக் காட்டைக் கேட்கப்போகிறார். நான் மறுக்கப்போகிறேன். மறுக்கும்போது கம்பீரமாக இருக்க வேண்டும். இனி இந்த உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னீரோ, மிச்சத்தைச் சமஸ்தான எல்லைக்கு அப்பால் போய்ச் சொல்லிக்கொள்ளும்."

மாசிலாமணியின் கண் அந்தக் காலரை விட்டு நகரவில்லை.

அந்தச் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரியணையில் அமர்ந்த ராஜா வாய் திறக்கக் கூடாது. யாராவது ஒன்றைக் கேட்டால், கொடுக்க மனமில்லாதபோது தலையை இப்படியும் அப்படியும் அசைப்பார். அசைக்காவிட்டால் கொடுத்ததாகவே அர்த்தம். கட்டியக்காரர் கோலைத் தட்டி "அருளப்பட்டது" என்றுவிட்டால் காரியம் முடிந்தது.

அன்றைய தர்பாருக்கே புது உடுப்போடு வந்து உட்கார்ந்தார் ராஜா. மாசிலாமணி எழுந்தார்.

"மகாராஜா, பட்டத்து யானையை எனக்குத் தர வேண்டும்."

ராஜா தலையை அசைக்கப் பார்த்தார். காலர் தாடையில் இடித்தது. தங்கப் பின் தொண்டையை அழுத்தியது. விழிகள் மட்டும் இடமும் வலமும் ஓடின.

விழிகளைக் கணக்கில் எடுக்க வழக்கத்தில் இடமில்லை. கோல் தட்டியது. "அருளப்பட்டது."

"யானையைக் கட்ட இடம் வேண்டுமே. பேஷ்காரின் தோட்டத்து வீட்டையும் தர வேண்டும்."

ரங்கய்யா முதல்முறையாகத் தலையை இட வலமாக அசைத்தார். அவர் அசைத்து என்ன பயன்? மறுபடியும் கோல் தட்டியது.

"வீடும் யானையும் ஆயிற்று. இனி அந்த அரியணையையும்..."

கட்டியக்காரர் கோலைத் தூக்கினார். அவ்வளவுதான், ராஜா பின்னைப் பிடுங்கி எறிந்தார். காலர் பட்டென்று திறந்துகொண்டது. குடுமி அவிழும் வேகத்தில் தலையை ஆட்டிவிட்டு அரியணையிலிருந்து குதித்தார்.

"என்ன திமிர் உமக்கு?"

"உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை, மகாராஜா," என்றார் மாசிலாமணி. "யானையையும் வீட்டையும் இப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன். நாளைக்குத் தேக்குக் காட்டை வாங்கிக்கொண்டு போகிற துரை திருப்பித் தருவாரா?"

ராஜா கழுத்தைத் தடவிக்கொண்டார். துரை கேட்பதையும், தாம் பொம்மை போல உட்கார்ந்திருப்பதையும், கோல் தட்டுவதையும் நினைத்துப் பார்த்தார் போலும். முதலில் வேர்த்தது. பிறகு, கட்டங்கள் எல்லாம் குலுங்கும்படி சிரித்தார்.

"அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து வையுங்கள். மாசிலாமணி, அந்தத் தங்கப் பின் உமக்குத்தான்."

"எனக்கு வேண்டாம், மகாராஜா. பேஷ்காருக்குக் கொடுங்கள்."

"அவருக்கு எதற்கு?"

"அரண்மனையில் ஓய்வே இல்லாமல் உழைக்கும் கழுத்து அவருடையதுதான்."

ராஜா மறுபடியும் சிரித்தார். ரங்கய்யா அதற்கும் தலையாட்டினார்.